கடைசி வீட்டுக்குப் பால் காய்ச்சியது

வீடு கேட்டு வருகிறவர்களுக்கு அம்மா முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பாள். கேள்வியெல்லாம் அப்புறம்தான். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கி, வெயிலைத் தலையில் சுமந்துகொண்டு, எங்கேயும் பலகை தொங்காத எங்கள் வாசலை யார் யாரிடமோ விசாரித்து வந்து சேர்ந்தவர்கள் அந்தச் சொம்பை வாங்கும்போதே பாதி உருகிவிடுவார்கள். அன்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அன்பு இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அன்புக்குக் கண் இருந்தது. குடித்து முடித்த சொம்பு எங்கே போகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே சொம்பை உருட்டிவிட்டு எழுந்தவர்கள் உண்டு. பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் நீட்டி, அவள் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பையும் இருப்பதைப் பார்த்தும் நீட்டிய கையை மடக்காதவர்களும் உண்டு. நல்ல வேலையில் இருந்தார்கள், மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார்கள். வீடு மட்டும் கிடைக்கவில்லை.

இப்போது அந்த வீடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆதார் நகல் கேட்கிறேன், ஒப்பந்தம் எழுதுகிறேன். சொம்பை நீட்டினால், "பரவால்லங்க மேடம், பாட்டில் வெச்சிருக்கேன்" என்கிறார்கள். பாட்டிலை வைத்து ஒரு மனிதரை எப்படித் தெரிந்துகொள்வது என்று அம்மா எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த லைன் வீடு அம்மாவுக்கு அவளுடைய அப்பா கொடுத்தது. ஒட்டி ஒட்டி ஐந்து ஓட்டு வீடுகள். நடுநடுவே ஒற்றைச் சுவர். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள்; தும்மியது குழந்தையாக இருந்தால் அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும். வரிசையின் உள்முனையில், அடிபம்பை ஒட்டித் தனி வீட்டில் நாங்கள் இருந்தோம். வெளிமுனையில் இரும்பு கேட். அதைத் தாண்டினால் தெரு. அம்மா வீடுகளை எங்கள் பக்கத்திலிருந்து எண்ணுவாள். எங்களுக்கு அடுத்தது மொத வூடு, அதில் தையல்கார அக்கா. கேட்டை ஒட்டியிருப்பது கடைசி வூடு. லைனில் எல்லோருக்கும் அதுதான் பேச்சு. தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு இது தலைகீழ். பால்காரரும் தபால்காரரும் கேட் பக்கத்து வீட்டைத்தான் மொத வூடு என்பார்கள். எங்கே நின்று எண்ணுகிறோமோ அங்கேதான் உலகம் தொடங்குகிறது. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் உலகம் பம்பில் தொடங்கியது.

தண்ணீருக்குப் பிறகு கேள்வி. எத்தனை பேர், என்ன வேலை, இருந்த வீட்டை ஏன் காலி செய்கிறீர்கள். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஆளின் சாயம் வெளுக்கும் என்பாள். பழைய வீட்டுக்காரரைத் திட்டுகிறவர் நாளைக்கு நம்மைத் திட்டுவார். ஒருவர் தன் பழைய வீட்டுக்கார அம்மாளைப் பற்றி, அந்த அம்மாள் குழம்பில் கரைக்கும் புளி வரைக்கும் நீட்டி முழக்கினார். அம்மா ரசித்துக் கேட்டாள். இன்னொரு சொம்பும் கொடுத்தாள். முடிவில், "சொல்லி அனுப்புறேங்க" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். அந்த வார்த்தை கேட்டுப் போன யாருக்கும் அம்மா எதையும் சொல்லி அனுப்பியதில்லை. பிடித்துவிட்டால் மட்டும் வேறு மாதிரி கேட்பாள்: "எப்பங்க பால் காய்ச்சுறீங்க?"

எங்கள் பக்கத்தில் பால் காய்ச்சாமல் குடி போக மாட்டார்கள். வாடகை வீடானாலும் சரி, ஒரே அறையானாலும் சரி, நல்ல நாள் பார்த்து அடுப்பு மூட்டி, பால் பொங்கி வழிந்து, அதை அக்கம்பக்கம் குடித்த பிறகுதான் அது வீடு. அதுவரைக்கும் சுவரும் ஓடும்தான்.

இடையில் இன்னொரு கேள்வியும் இருந்தது. "ஊர்ல எந்தத் தெருங்க?" மற்றதையெல்லாம் பம்பு அடித்துக்கொண்டே கேட்கும் அம்மா, இதை மட்டும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்பாள். வந்தவர்களும் இதற்கு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தோ கொஞ்சம் குனிந்தோ பதில் சொன்னார்கள். கடிதம் போடுவதற்காக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கடைசி வீட்டில் உரக்கடைக்காரர் ஒருவர் குடியிருந்தார். கடையை வடக்கனந்தலுக்கு மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார். கிளம்பியவர் சாவியை அம்மாவிடம் கொடுக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, "நம்ம சொந்தக்காரரு ஒருத்தரு ரெண்டு நாளு தங்கிட்டு அவரே குடுத்துடுவாருங்க" என்றார். மறுநாள் காலை கேட்டுக்குப் பக்கத்துக் கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை காய்ந்தது. அடுத்த நாள் இன்னொரு வெள்ளைச் சட்டை. மழை வந்தது, வெயில் வந்தது, கொடியில் வெள்ளை மாறவில்லை. லைனில் அவருக்கு வெள்ளச்சட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது.

வாசலில் கோலம் இல்லை, மாடத்தில் விளக்கு இல்லை, பால் காய்ச்சவில்லை, ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குள் ஒரு மனிதர் இருந்தார். அம்மா அத்தனை வருஷம் காவல் காத்த வாசல் வழியாக அவர் வரவேயில்லை. சொந்தம் என்று பக்கத்தில் இன்னொரு வாசல் இருந்தது. அதற்குக் கதவும் இல்லை, கேள்வியும் இல்லை.

பேசி முடித்து வைப்பதுதான் அவருக்குத் தொழில். வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, ஓடிப்போன பெண், ஓடிவந்த பெண், எதுவானாலும் இரண்டு தரப்பும் அவரிடம் வரும். முடிந்து போகும்போது இரண்டு தரப்பும் கொஞ்சம் இளைத்திருக்கும். காதுகுத்தோ கல்யாணமோ அவர் முன்வரிசையில் உட்காராமல் நடக்காது. வெற்றிலைத் தட்டு அவரிடம்தான் முதலில் போகும். ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளி, நாட்டுக்கே உத்தரவு கொடுக்கிற மாதிரி தலையசைப்பார். அந்தத் தலையசைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பொம்மைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பழகிப் பார்த்திருக்கிறேன்.

அம்மா போய்க் கேட்டாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

"ரெண்டு நாளுன்னு சொன்னாங்கண்ணே. மாசம் திரும்பிடுச்சு."

"தங்கச்சி, நான் இன்னா இங்கியே வேர் உட்டுறப் போறனா? ஒரு பஞ்சாயத்து இழுத்துக்கினு கெடக்குது. முடிஞ்சா கெளம்பிடுவேன். நாம இன்னா யாரோ எவுரோவா? உங்க பெரியப்பா வூட்டுக்கு நாங்க பங்காளி மொற."

வாடகையை அவரே கொண்டுவந்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை. "விருந்துக்கு வந்தவங்ககிட்ட யாராச்சும் வாடக வாங்குவாங்களாண்ணே? ஊரு சிரிக்காதா?" என்றாள். அவரும் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். இரண்டு பேரும் அவ்வளவு இனிமையாகச் சிரித்ததால் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நடு வீட்டில் இருந்த இட்லிக்கடை அக்காதான் விஷயத்தைக் கொண்டுவந்தாள். "மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு வாத்தியாரு வூட்லயும் இப்பிடித்தான் ரெண்டு நாளுன்னு பூந்தாராங்க்கா. வாத்தியாரு ரிட்டேரே ஆயிட்டாரு, இவரு காலி பண்ணல. கடசில அந்த மனுசன் வூட்டயே இவுரு சொன்ன ஆளுக்குக் கம்மி வெலைக்குத் தள்ளிட்டு மவன் வூட்டோட போயிட்டாராம்."

அன்று மதியம் அம்மா சாப்பிடவில்லை. பம்புக்குப் பக்கத்தில் நின்று லைனை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று அவள் அப்பா கொடுத்தது அது ஒன்றுதான். ஒரு வீடு போனால் ஒட்டியிருக்கிற சுவர் வழியாக அடுத்ததும் போகும்.

அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவர் பணி ஓய்வு வரைக்கும் போய்ச் சேர்ந்தார். மாமா அப்படி இல்லை. அம்மாவின் தம்பி, ரிஷிவந்தியத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போதே சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் இறங்குவார்.

"நாலு பேர இட்டாறேன்க்கா. சாமான தூக்கி ரோட்ல வெச்சா முடிஞ்சு போச்சு. ஆவாதுன்றியா, ப்யூஸப் புடுங்கு. ஃபேனு இல்லாம எத்தினி நாளு இருப்பாரு?"

"கரண்ட்டப் புடுங்குனா அவுரு நேரா டேசன்ல போய் நிப்பாருடா. அப்பறம் நாமதான் தப்பு பண்ணவங்க. வூட்டு மேல கைய வெச்சா வெச்சவங்களுக்குத்தான் அசிங்கம்."

"அப்ப இன்னாதான் பண்ணப் போற?"

"அவுரு வாயாலயே போறேன்னு சொல்லணும். நாலு பேரு பாக்கணும். மனசு நோவக் கூடாது. நொந்தா திரும்பி வருவாரு."

மாமா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அவர் வந்த வேலை அவ்வளவுதான் போல.

இந்த நேரத்தில்தான் நர்ஸ் அக்கா வந்தாள். ஆனி மாத வெயில், பம்பின் கைப்பிடி தொட்டால் சுடும். கல்வராயன் மலை மேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. மலைக்குப் போகிற முதல் பஸ்ஸைப் பிடிக்க டவுனில் வீடு வேண்டும். கணவர் லாரி ஓட்டுகிறார், உளுந்தூர்பேட்டையில் சரக்கு ஏற்றினால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. கூட வேலை பார்க்கிற ஒரு பெண்ணோடு ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். குழந்தையை அவளுடைய அப்பா அம்மா பார்த்துக்கொள்கிறார்கள்.

"எத்தினி வயசு?"

"ரெண்டு முடிஞ்சிருச்சுங்க. வாரத்துக்கு ஒருக்காதான் போறேன். போன வாரம் என்னப் பாத்து அத்தைன்னு கூப்புடுது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் உதடு திரும்பி வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

ஏற்கெனவே பல தெரு ஏறி இறங்கியிருந்தாள். எல்லா இடத்திலும் சொல்லி அனுப்புகிறேன் என்றார்களாம். அம்மா பம்பைப் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தபோது அவள் சொம்பை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தாள். எழுந்து போய்ப் பம்பில் அலம்பினாள். துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு முன்னால் வந்த யாரும் கவிழ்த்து வைத்ததில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊர்ல எந்தத் தெரும்மா?"

"காலனிங்க."

நிமிரவும் இல்லை, குனியவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்த காலனி ஒன்றே ஒன்றுதான்: டவுனுக்கு வெளியே, வீட்டுக்கு வீடு கேட் வைத்து, கேட்டுக்குக் கேட் ரோஜாச்செடி வைத்த ஹவுசிங் போர்டு காலனி. என் வகுப்பில் வங்கி மேனேஜர் மகள் அங்கிருந்துதான் ரிக்‌ஷாவில் வருவாள். அவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தவள் எங்கள் ஓட்டு வீட்டை எதற்குக் கேட்கிறாள் என்று அவளை நான் மரியாதையோடு பார்த்தேன்.

தையல்கார அக்கா வீட்டு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பம்பு வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா அந்தக் கவிழ்ந்த சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மூச்சு விட்டாள்.

"எப்பம்மா பால் காய்ச்சுற?"

நர்ஸ் அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசி வூடு உனக்கு. ஆடி பொறந்துட்டா ஒரு மாசத்துக்கு யாரும் வூடு மாற மாட்டாங்க. ஆனி கடைசி வெள்ளிக்கெழம காய்ச்சிடு."

"அதுல யாரோ இருக்கற மாதிரி தெரிஞ்சுதுங்களே."

"விருந்தாளி. போயிருவாரு."

சாப்பாட்டு நேரத்தில் அப்பா தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டார். "இல்லாத வூட்டுக்கு வாக்கு குடுத்துட்டு வந்திருக்கற."

"ஆமா."

"அந்தப் பொண்ணு எந்தப் பக்கம்னு தெரிஞ்சுதான் குடுத்தியா?"

"தெரிஞ்சுதான்."

அப்பா கொஞ்ச நேரம் கோடு போட்டார். "பாத்துக்கலாம்" என்றார். அந்தச் சொல்லை அவர் அவ்வளவு திடமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளச்சட்டையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து நானும் "பாத்துக்கலாம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா பட்டுச் சேலை கட்டினாள். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம். தட்டை என் கையில் கொடுத்தாள். லைனின் நீளத்துக்கும் நாங்கள் நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி எட்டிப் பார்த்து, எங்களுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டாள். வெள்ளச்சட்டை யாரோ நாலு பேருக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டுச் சேலையையும் தட்டையும் பார்த்ததும் அவர் முகத்தில் கல்யாண முன்வரிசையில் உட்காரும்போது வருகிற அந்த வெளிச்சம் வந்துவிட்டது.

"அண்ணே, வெள்ளிக்கெழம புதுக் குடித்தனம் வருது. கைக்கொழந்தக்காரப் பொண்ணு. நீங்கதான் முன்ன நின்னு பால் காய்ச்சிக் குடுக்கணும். பெரிய கை பட்டா அந்தக் குடும்பம் தழைக்கும்."

"அதுக்கு இன்னா தங்கச்சி. பேஷா பண்ணிடலாம். எந்த வூடு?"

"கடைசி வூடுங்கண்ணே."

அவர் கண் லைனின் உள்ளே, பம்பு இருக்கிற திசையில் போனது. "ஓ, தையல்காரம்மா காலி பண்ணுதா?"

"பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துடுங்கண்ணே. அதுக்குள்ள முடிக்கணும்" என்றாள் அம்மா. தையல்கார அக்கா வாயில் ஊசி கவ்வியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. வெள்ளச்சட்டை வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். தலையசைத்தார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் லைன் முழுவதும் ஒரே ஆள் மாதிரி எழுந்தது. வெள்ளச்சட்டையைத் தேடி வருகிறவர்கள் பம்படியில் எச்சில் துப்பிவிட்டுப் போவதில் எல்லோருக்கும் எரிச்சல் சேர்ந்திருந்தது. குடங்கள் நிரம்பின, துடைப்பங்கள் வரிசையாகச் சாத்தி நின்றன. இட்லிக்கடை அக்கா அன்று கடை போடவில்லை. மாமாவும் வந்திருந்தார். வெளியே கேட்டை உரசிக்கொண்டு லாரி வந்து நின்றது. அதன் முன்கதவைத் திறந்து நர்ஸ் அக்கா குழந்தையோடு இறங்கினாள். அவள் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையை மாற்றிப் புதுச் சட்டை போட்டிருந்தார், மடிப்பில் இன்னும் குண்டூசி இருந்தது.

வெள்ளச்சட்டை குளித்து, சந்தனம் வைத்து, அந்த வருஷத்திலேயே வெள்ளையான சட்டையில் வெளியே வந்தார். வழியில் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே லைனின் நீளத்துக்கும் நடந்து, தையல்கார அக்கா வாசலில் போய் நின்று, செருப்பைக் கழற்றினார். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க இல்லீங்கண்ணே" என்றாள் அம்மா. குரலில் தேன். "இது மொத வூடு. கடைசி வூடு அதோ."

எல்லாக் கழுத்தும் கேட் பக்கம் திரும்பின. அவர் திறந்து போட்டுவிட்டு வந்த கதவு திறந்தபடி இருந்தது. அதற்குள் அந்த வாசலில் அடுப்பு வந்திருந்தது; அடுப்புக்குப் பக்கத்தில் பால் பானை, பானைக்குப் பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

அவர் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். இன்னொன்று காலில் இருந்தது. அந்த ஒற்றைச் செருப்போடு அவர் நின்ற நேரம் இருக்கிறதே, ஒரு தேர்தல் முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி லைனே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. மாமா சட்டைக் கையில் கை வைத்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டார்.

"தங்கச்சி, அதுல நானு..."

"ரெண்டு நாளு தங்க வந்தவங்க நீங்கன்னு ஊருக்கே தெரியுங்கண்ணே. நீங்களேதான சொல்லிக்கினு இருந்தீங்க. விருந்தாளி கையால வெளக்கேத்துனா வூட்டுக்கு அத விட இன்னா வேணும். சாமான வெளில வெச்சு அலசி உட்டுடலாமா? நீங்க சரின்னாதான்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெற்றிலை வாங்கியாகிவிட்டது. முன்னின்று நடத்தத் தாம்பூலம் எடுத்தவர், நல்ல நேரத்தில், குழந்தைக்காரி மூட்டிய அடுப்பைத் தடுத்தார் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அது கேட்டைத் தாண்டி உளுந்தூர்பேட்டை வரைக்கும் போய்விடும். அப்புறம் எந்தப் பந்தியிலும் முதல் இலை கிடையாது. அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வானத்திலும் நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மற்ற செருப்பையும் கழற்றினார். சிரித்தார். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பை நான் மெச்சுகிறேன். தோற்ற மனிதர் போட்ட சிரிப்பு மாதிரியே இல்லை. "அதுக்கின்னா தங்கச்சி, அலசி உடுங்க" என்றார்.

அவ்வளவுதான். அணை திறந்தது மாதிரி லைன் உள்ளே பாய்ந்தது. கட்டில் வந்தது, பெட்டி வந்தது, ஒரு ஃபேன் வந்தது, நாற்காலி வந்தது. கொடியிலிருந்து வெள்ளைச் சட்டைகளை இட்லிக்கடை அக்கா பவ்யமாக மடித்தாள். அவர் பொருள் ஒன்றுகூடக் கீறல் படாமல் கேட் பக்கம் போய் அடுக்கிக்கொண்டது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் தள்ளித் தள்ளி, கதவைத் தாண்டி, படியைத் தாண்டி, ஓடையாக ஓடிய அழுக்குத் தண்ணீரில் நான் குதித்தேன். அந்தப் பக்கம் ஒரு வீடு கழுவிய முகத்தோடு ஈரமாக, இளமையாக நின்றது.

நர்ஸ் அக்கா வலது காலை எடுத்து வைத்தாள். வெள்ளச்சட்டை விளக்கேற்றினார், கற்பூரம் காட்டினார், விசிறியால் அடுப்பைத் தானே விசிறினார். இறங்கிவிட்டால் அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பால் முதலில் தயங்கியது. ஓரத்தில் ஒரு முத்து, நடுவில் ஒரு முத்து, பிறகு வெள்ளை மொத்தமாக எழும்பி, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. குலவை போட்டார்கள். முதல் தம்ளர் அவருக்கு. வாங்கி, ஊதி ஊதிக் குடித்து, "நல்லாயிரும்மா" என்று நர்ஸ் அக்காவை மனசோடு வாழ்த்தினார். விருந்தாளி குடிக்கிற பாலைக் குடித்து, விருந்தாளி சொல்கிற வாழ்த்தைச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அந்த வீட்டில் அவருக்கு வேலை இல்லை.

"இவ்ளோ தூரம் இருந்து நடத்திக் குடுத்ததுக்கு ரொம்ப சந்தோஷங்கண்ணே. போய்ட்டு வாங்க" என்று அம்மா கை கூப்பினாள்.

லாரியிலிருந்து நர்ஸ் அக்காவின் சாமான்கள் இறங்கின, வெள்ளச்சட்டையின் சாமான்கள் ஏறின. "எங்கங்க எறக்கட்டும்? நான் உளுந்தூர்பேட்ட போறேன்" என்று கேட்டார் டிரைவர் அண்ணன். "அங்கியேதான், எனக்கும் ஒரு பஞ்சாயத்து இருக்குது" என்று சொல்லி வெள்ளச்சட்டை முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனார். நாங்களும் ஆட்டினோம். லாரி திரும்பியதும் மாமா ஒரு விசில் அடித்தார். தையல்கார அக்கா சிரித்துச் சிரித்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டார், யாரும் கேட்காமலேயே.

போட்ட தாழ்ப்பாளை அவரே எடுக்க வேண்டியிருந்தது. வெளியே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சாமான்களோடு லாரியின் பின்னால் உட்கார்ந்து வந்த நர்ஸ் அக்காவின் அப்பாவும் அம்மாவும். கரும்பு வெட்டிக் காய்த்த கைகள். அவள் அப்பா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தார். அத்தனை நேரமும் அவர்கள் அங்கேயேதான் நின்றிருக்க வேண்டும்.

"உள்ள வாங்க" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்ங்க. இங்கியே காத்தோட்டமா இருக்குது" என்றார் அவர்.

காற்றே இல்லை. அம்மா மறுபடி கூப்பிட்டாள். அவர்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். அம்மா வெளியே போய், அந்த அம்மாளின் கையைப் பிடித்து, பள்ளிக்குப் போக அடம்பிடிக்கிற என்னை இழுப்பாளே, அந்த மாதிரி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர் துண்டை இறுக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஏன் என்று நான் சுற்றிப் பார்த்தேன். நர்ஸ் அக்கா தட்டில் தம்ளர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நீட்டினாள். தையல்கார அக்கா வாங்கினாள். "வெள்ளிக்கெழம நான் ஒருபொழுதும்மா" என்று சொல்லிக் கேட்டை ஒட்டிய கட்டைச் சுவரில் வைத்தாள். இட்லிக்கடை அக்கா இப்போதுதான் டீ குடித்தாளாம், சேராதாம். இன்னொருத்தி, பிள்ளை அழுகிறது என்று உள்ளே போனாள். அவள் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. கட்டை மேல் தம்ளர்கள் சேர்ந்தன, ஒவ்வொன்றிலும் மெல்லிசாக ஆடை படிந்துகொண்டிருந்தது. நர்ஸ் அக்கா தட்டைப் பிடித்தபடி நின்றாள். அவள் அப்பா தரையைப் பார்த்தார்.

அம்மா தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்தாள். எப்போதும் அண்ணாந்து குடிக்கிறவள். அன்று வாய் வைத்துக் குடித்தாள், மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும், லைன் முழுவதும் பார்க்க. அப்பாவும் குடித்தார். மாமா எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்தார்.

எனக்கு ஏலக்காய் மணம் தாங்கவில்லை. கட்டை மேல் கேட்பாரில்லாமல் அவ்வளவு பால். முதல் தம்ளரைக் குடித்தேன். யாரும் தடுக்கவில்லை. அடுத்ததை எடுத்தேன், அதற்கடுத்ததையும். ஒன்று சூடாக, ஒன்று ஆறி, ஒன்றில் ஆடை கெட்டியாக. மேலுதட்டில் வெள்ளை மீசையோடு நான் திரும்பியபோது நர்ஸ் அக்காவின் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. பெரியவர் துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தவர் தம்ளரைத் தொட்டாலே முதுகில் ஒன்று வைக்கிறவள் என் அம்மா. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து, "இன்னொண்ணு இருக்குது பாரு. அதயும் குடி" என்றாள். ஜெயித்த நாளில் எல்லாமே இரண்டு பங்காகக் கிடைக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதையும் வாயில் கவிழ்த்தேன். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் அம்மா ஏன் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.